அமாவாசைக்கு அழுவுற ஜீப்பு

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்கக்கா, பேட்டரி ஆசிட்டு சிந்துன ஸ்டூலு, சேலை ஓட்டையாப் போயிரும். இங்குன வாங்க. இது பஸ்ஸு சீட்டுதான், காலு வச்சு பெஞ்சாக்கிருக்கேன். ம், இப்ப சொல்லுங்க. என்னது, ரிப்பேரே பாக்க வேணாமா? ஸ்டார்ட் மட்டும் பண்ணிக் குடுத்தாப் போதுமா? என்னக்கா இது, ஆசுபத்திரிக்கு வந்துட்டு, வைத்தியம் வேணாம், எந்திரிச்சு நடக்க மட்டும் வச்சிருங்கங்கிற மாதிரி இருக்கு.

ஓ. துரைராசு வர்றாரா. இன்னைக்கே, சாயங்காலமா?

தெரியாம என்ன, இரும்புக்கடை துரைராசுதானே. நல்ல மனுசந்தான், கொறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அவரு வண்டி வாங்குறது ஓட்டுறதுக்கு இல்லக்கா, ஒடைக்கிறதுக்கு. நாளைக்கு இந்நேரம் ஒங்க ஜீப்பு மட்கார்டு ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம்னு தராசுக்குப் போவக் காத்துக்கிட்டுக் கெடக்கும். தெரிஞ்சுதான் சொல்லிவிட்டீங்களா? சரி.

இல்லல்ல, நான் குறுக்க நிக்கல. வண்டி ஒங்க பேருல இருக்கு, எனக்குத் தெரியும். ஆர்.சி. புக்க எத்தனை தடவை பாத்துருக்கேன். அம்சம், கணவர் பேரு கண்ணுசாமி. வாங்குனப்பவே பொண்டாட்டி பேருலதான் வாங்குவேன்னு நின்னாராம்ல அண்ணன், அப்பல்லாம் அது பெரிய விஷயம். இப்ப அதுவே அவருக்கு வெனையாப் போச்சு பாருங்க. விக்கிறதுக்குக் கையெழுத்து ஒங்களோடதுதானே. சிரிக்கிறீங்களா? சிரிங்க, பரவால்ல. நீங்க உள்ள வந்தப்ப மூஞ்சி இருந்த இருப்புக்கு நான் பயந்தே போயிட்டேன்.

அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா? சொன்னீங்க, அவரு பதிலு பேசல. நீங்களும் பேசல. கோயமுத்தூர்லேருந்து வந்ததுலேருந்தா? அப்ப சாப்பாடு? நீங்க போட்டு மூடி வச்சுட்டுப் போயிர்றீங்க, அவரு சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவிக் கவுத்துர்றாரு. அட, நல்லாருக்கே. என் வீட்ல இர்ஃபானா பேசலைன்னா சாப்பாடும் சேந்து நின்னுரும். ஒங்க வீட்ல சப்ளை இருக்கு, எர்த்துதான் கட்டாயிருக்கு.

எர்த்துன்னா... இருங்க, அதச் சொல்றதுக்கு முன்னாடி இந்த எளநியக் குடிங்க. ஒங்க தோப்பு எளநி மாதிரி இருக்காதுதான், ஆனா சித்திரை வெயில்ல எதுவா இருந்தா என்ன. துரைராசு வர இன்னும் நேரம் கெடக்கு. இருக்குற எடத்துலேருந்து டெம்போ புடிச்சு வரணும். அதுவரைக்கும் சும்மா உக்காந்துருக்கறதுக்கு, இந்த வண்டியில என்ன பாத்தேன்னு மட்டும் கேட்டுக்குங்க. கேட்டுட்டு வித்தாலும் சரி, வச்சாலும் சரி.

அக்கா, மொதல்ல ஒண்ணு. அவர அண்ணங்கிறேன், ஒங்கள அக்காங்கிறேன். மொறைப்படி பெரிய தப்பு. என்ன பண்றது, ரெண்டு வாய்ப் பழக்கமும் தனித்தனியா வந்துருச்சு. அதனால இப்ப நான் ஒங்க பக்கமா அவரு பக்கமான்னு கேட்டா, எனக்கே தெரியாது. வயரு பக்கம்னு வச்சுக்குங்க.

என்ன, ஜீப்பு அழுவுதா? யாரு சொன்னா? அடுத்த வீட்டம்மா போன் பண்ணுச்சா. அமாவாசைக்கு அமாவாசை ஒங்க வூட்டு ஜீப்பு ஆளில்லாம அழுவுது, அறுபது நடக்குற மனுசன் ஓட்டுற வண்டி, பாத்துக்கன்னு. அதக் கேட்டுட்டுத்தான் பச்சப் புள்ளைய மக கையில குடுத்துட்டு ராவோட ராவா பஸ் ஏறிட்டீங்க. அட ஆண்டவனே. சுடர்விழி என்ன சொல்லுச்சு, திட்டுச்சா? திட்டிருக்கும். அதுவும் அப்பன் மாதிரிதானே பேசும்.

அது அழுவலக்கா. ஹாரன். ஹாரன் தானா அடிச்சுது, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன், அமாவாசை ஒட்டித்தான் அடிச்சுது. அத நான் மறைக்கல. அத மொதல்ல கண்டுபுடிச்சதே எங்க வீட்டுக்காரிதான்.

சொல்றேன். மொத தடவை வண்டி வந்தது ரமலான் பிறை பாத்த ரெண்டாம் நாளு. நான் நோம்பு. அண்ணன் வந்து, அப்சரு, இது பாட்டுக்கு ஹாரன் அடிக்குதுடா, பள்ளத்துல எறங்குனா பாம்ம்முன்னு ஒரு சத்தம், முன்னாடி போற சைக்கிள்காரன் என்னைய மொறைக்கிறான்னாரு. சரின்னு ஓட்டிப் பாத்தேன். கடைவீதி முழுக்க ஓட்டுனேன், ரயில்வே கேட்டு மேடு பள்ளம் எல்லாம் ஏத்தி எறக்குனேன். ஒரு சத்தம் வரணுமே? டாக்டரப் பாத்ததும் இருமல் நின்னுபோற மாதிரி நல்ல புள்ளையா நிக்குது.

இந்த மாதிரி வண்டி இருக்கே, இதுல ஹாரன் ரொம்ப எளிசு. பேட்டரிலேருந்து கரண்ட்டு வந்து ஹாரன்ல எப்பவும் காத்துக்கிட்டு நிக்கும். சாவி போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரி. ஆனா வந்தா மட்டும் பத்தாது, திரும்பிப் போவணும். அந்தத் திரும்பிப் போற கம்பி ஸ்டியரிங்குல இருக்குற பட்டனுக்குப் போவுது. பட்டன அமுக்குனா கம்பி வண்டியோட இரும்புல தொடும். அந்த இரும்புதான் எர்த்து. தொட்டதும் போற வழி தெறந்துரும், ஹாரன் கத்தும். அப்ப நீங்க பட்டன அமுக்காமயே, வழியில எங்கயாச்சும் அந்தக் கம்பி தோலு உரிஞ்சு இரும்பத் தொட்டாலும் கத்தும். புரியுதுல்ல? போன உசுரு திரும்பி வர்ற கதை இல்ல, போன கரண்ட்டு திரும்பி வர்ற கதை.

அதனால என்ன பண்ணுனேன், ஸ்டியரிங்குக் கொழாய்க்குள்ள போற வயரு தேஞ்சிருக்கும்னு நெனச்சு அதைப் புதுசு மாத்துனேன். நூத்துக்குத் தொண்ணூறு அங்கதான் தேயும். அண்ணன் சந்தோசமாக் கையக் குடுத்துட்டுப் போனாரு. கை குடுத்தப்ப கையில எலுமிச்சம்பழ வாசம். நோம்புல மூக்கு சும்மா இருக்காதுக்கா, தெருக்கோடில வடை போட்டாக்கூடச் சொல்லிரும். ஜூஸ் குடிச்சுட்டு வந்துருக்காரு மனுசன், நம்மள வெறுப்பேத்துறதுக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது தடவை பெருநாளு அன்னைக்கே வந்துட்டாரு. புதுச்சட்டை போட்டுக்கிட்டுப் பிரியாணிக்கு முன்னாடி உக்காந்துருக்கேன், வாசல்ல அண்ணன். இந்தத் தடவை ஹாரன் இல்ல, ஃபியூஸு. பிரேக் லைட்டு இல்ல, இண்டிகேட்டரு இல்ல, வைப்பரு இல்ல. பழைய ஜீப்புல எல்லாத்துக்கும் ஒரே ஃபியூஸு, கூட்டுக் குடும்பம் மாதிரி, ஒருத்தருக்கு வயித்துவலின்னா வீடே படுத்துக்கும். அவரையும் உக்கார வச்சு, சாப்பிட வச்சு, அப்புறம் புது ஃபியூஸு போட்டேன். போவாம நிக்குது. டெஸ்ட் லேம்ப வச்சு ஒவ்வொரு கம்பியா தொட்டுத் தொட்டுப் பாத்தேன். பாடி எர்த்து பட்டையக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். எலி எங்கயாச்சும் கடிச்சிருக்கான்னு டாஷ்போர்டக் கழட்டுனேன். எலி இருந்துச்சுதான், ஒங்க தோப்புத் தேங்கா நாரை வச்சு உள்ள ஒரு மெத்தையே போட்ருந்துச்சு. ஆனா பாவம் அது வயரத் தொடல. நல்ல எலி. அன்னைக்கும் வண்டில ஒரு கொறையும் சிக்கல. அண்ணனும் சங்கடப்பட்டாரு, சரி விடுடா, வண்டிக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சுன்னாரு.

அவரு போனப்புறம்தான் இர்ஃபானா சொன்னா. ஏங்க, இந்த ஜீப்பு பிறைக்குப் பிறை வருதே கவனிச்சீங்களான்னு. அவ மாசாமாசம் மாடிக்குப் போயி பிறை பாக்குறவ. போன மாசம் ரமலான் பிறைக்கு வந்துச்சு, இந்த மாசம் பெருநாப் பிறைக்கு வந்துச்சுன்னா. நான் சிரிச்சேன். பிறை ஹாரன் அடிக்கச் சொல்லுதாக்கும்னேன். அவ சொன்னா, பிறைக்கு முந்துன நாளு என்ன? அமாவாசை. இந்து வீடுகள்ல அமாவாசைக்கு ஏதாவது செய்வாங்க, அதைப் போயி யோசிங்கன்னா.

யோசிச்சேன். யோசிச்சு என்ன, அண்ணன் வீட்ல யாரு அமாவாசைக்குச் செய்யிறது? மேடைக்கு மேடை மூடநம்பிக்கைய உரிச்சுத் தொங்கவிடுற ஆளு. பேருல இருக்குற சாமியையே வேண்டாம்னு கண்ணுன்னு கையெழுத்துப் போடுறவரு. செய்யக்கூடிய ஒரே ஆளு நீங்க. நீங்களும் தை முடியுறதுக்குள்ள கோயமுத்தூரு போயிட்டீங்க.

இல்லக்கா, மறைக்காதீங்க. எனக்குத் தெரியும். வண்டி மூஞ்சில அடைப்பா இருக்குற ஜாலிக்கு உள்பக்கம், ஹாரன் மாட்டிருக்குற சட்டத்துல, வெளிலேருந்து பாத்தாத் தெரியாத எடத்துல. ஒரு பழம், மிளகா, கரி. மஞ்சத் தடவுன நூலு. எத்தனையோ வருசமா பாக்குறேன். வேலை பாக்கறப்ப கழட்டி ஓரமா வைப்பேன், முடிஞ்சதும் இருந்த மாதிரியே மாட்டிருவேன். ஒரு தடவை நூலு அந்துபோயி நானே புது நூல்ல கட்டிவிட்டேன். ஏன் சொல்லப்போறேன்? ஒங்க தெருவுல மொத வண்டி அது. அடுத்தவன் வயல்ல நாத்து நட்ட வீட்டுலேருந்து ஒரு ஜீப்பு வெளில வந்தா எத்தனை கண்ணு படும்னு எனக்குத் தெரியாதா? அவரு கண்ணே இல்லம்பாரு. நீங்க ஒளிச்சு வச்சீங்க. நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. நூலு கரண்ட்ட கடத்தாது, ஹாரனும் அது பாட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு.

ஆமா. இந்த ரெண்டு தடவையும் வண்டி வந்தப்ப அங்க பழம் இல்ல. அக்கா ஊர்ல இல்ல, அதான்னு நான் விட்டுட்டேன்.

அழாதீங்க. அழாதீங்கக்கா, கடை முன்னாடி, பாக்குறவன் என்னமோ நான் பில்லு கூடப் போட்டுட்டேன்னு நெனப்பான். எனக்குப் புரியுது. நான் கட்டாம விட்டேன், அதுலதான் வண்டிக்குத் திருஷ்டி எறங்கிருச்சு, வண்டிலேருந்து அவருக்கு எறங்கும், அதுக்குள்ள கை கழுவிரணும். அதானே? அத அவருகிட்டச் சொல்லவும் முடியாது. சொன்னா இத்தனை வருச எலுமிச்சம்பழமும் வெளில வந்துரும். திருக்கடையூரு போயி அறுவதாங் கல்யாணம் பண்ணிக்கலாம்னதுக்கும், நமக்கு ஒரு கல்யாணம் போதும்னுட்டாரு. அதனால துரைராசு. ம்.

நான் ஒண்ணு சொல்லட்டா. வண்டி கத்துனது கட்டாததால இல்லக்கா. கட்டுனதால.

இருங்க, எந்திரிக்காதீங்க. செய்வினையும் இல்ல, சூனியமும் இல்ல. முழுசாக் கேளுங்க. ஜீப்பு அழுவுதுன்னு பேச்சு கெளம்புன கல்யாணத்துக்கு வர்றேன்.

இந்த அமாவாசைக்கு மறுநா, நம்ம கட்சிக்கார வீட்டுச் சுயமரியாதைக் கல்யாணம். வேணும்னே அந்த நாளாப் பாத்து வச்சுருந்தாங்க. நானும் போயிருந்தேன், மண்டபத்து ஜெனரேட்டருக்கு நான்தான் பேட்டரி குடுத்தது. அண்ணன் மேடையில. என்ன பேச்சு! ராகுகாலம் எமகண்டம் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் புழியுறாரு. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு உன்னையக் காப்பாத்துற சக்தி இருந்தா, அது ஏன்டா ஊறுகாயாகுதுன்னாரு. மண்டபமே கைதட்டுது. அந்தக் கைதட்டலுக்கு நடுவுல, வெளில, பாம்ம்ம்ம்முன்னு.

நிக்கவே இல்லக்கா. ஒரே மூச்சு. எல்லாரும் வெளில ஓடுறாங்க. போயிப் பாத்தா ஜீப்புல ஆளில்ல, சாவி அண்ணன் பைல. ஒரு ஆடு மட்டும் ஜீப்பு மூஞ்சிலேருந்து தலைய எடுத்துட்டு ஓடுது. ஆடு தின்ன என்ன இருக்கு இரும்புலன்னு யாருக்கும் தோணல. ஒரு கெழவி வாயில அடிச்சுக்கிட்டு, அமாவாசை மறுநா பாத்தியாங்குது. அந்தப் பேச்சுதான் போன் ஏறிக் கோயமுத்தூரு வரைக்கும் வந்துருக்கு.

நான் ஸ்பேனரோட ஓடுறேன். எனக்கு முன்னாடி அண்ணன் வந்துட்டாரு, மேடையிலேருந்து எப்படிக் குதிச்சாருன்னு தெரியல. வந்து ஜாலிக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு, மாட்டை மறிக்கிற மாதிரி. அண்ணே தள்ளுங்கங்கிறேன். நீ பேட்டரியக் கழட்டு, அது போதும்ங்கிறாரு. காதுல ஒண்ணும் விழல, வாய் அசையுறத வச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். சீட்டுக்கு அடியில இருக்குற பேட்டரி கம்பியக் கழட்டுனேன், அடங்குச்சு. வீட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிர்றேன்னாரு. அதெல்லாம் வேணாம்னு நானே டிராக்டர் வச்சு இங்க இழுத்துட்டு வந்துட்டேன்.

கூடவே வந்துட்டாரு. போவ மாட்டேங்கிறாரு. டீ வேணாம், சாப்பாடு வேணாம், ஜீப்பு முன்னாடி பம்பர்ல உக்காந்துக்கிட்டு எனக்கு யோசனை சொல்றாரு. பின்னாடி லைட்டப் பாரு, டேஷ்போர்டப் பாரு, எலியப் பாரு. முன்னாடி மட்டும் பாக்காதங்கிறாரு, சொல்லாமச் சொல்றாரு. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. அண்ணே, கடைல ஃபியூஸு தீந்துபோச்சு, போயி வாங்கிட்டு வர்றீங்களான்னேன். என்கிட்ட டப்பா நெறைய ஃபியூஸு இருக்கு. யோசிச்சு யோசிச்சுப் போனாரு.

அவரு மூலை திரும்புனதும் பானெட்டத் தூக்குனேன். தொங்குது.

அந்த மேல் தட்டுல ஒரு பிஸ்கட்டு டப்பா இருக்கு பாருங்க. அதுதான், எடுங்க. இல்ல, நீங்களே தொறங்க. சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துருக்கேன். காட்ட மாட்டேன்னு குடுக்கல.

பயப்படாதீங்க, எலுமிச்சம்பழந்தான். மிளகாயப் பாருங்க. இர்ஃபானா சோறு கொண்டாந்தப்ப இதப் பாத்துட்டுச் சிரிச்ச சிரிப்பு, பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பாத்தான். பஜ்ஜி மிளகாய்க்கா! திருஷ்டிக்கு யாராச்சும் பஜ்ஜி மிளகா கோப்பாங்களா? மிளகா வாங்கத் தெரியாத கை. ஆட்டுக்கு அதுதான் ஆசை, நீட்டமாத் தொங்குச்சா, ஜாலி வழியா வாய விட்டு இழுத்துருக்கு.

இப்பக் கீழ பாருங்க. கரி எங்க? அது கரி இல்ல. டார்ச்சு லைட்டுக்குள்ள போடுற பேட்டரிக் கட்டையப் பொளந்தா உள்ள ஒரு கறுப்புக் குச்சி இருக்கும்ல, அது. வீட்ல கேஸு அடுப்பு, கரிக்கு எங்க போறது? படிச்ச மூளை, கரின்னா கார்பனு, இதுவும் கார்பனுன்னு யோசிச்சுருக்கு. இந்த ஒலகத்துல கரண்ட்டு கடத்துற கரி ஒண்ணு இருக்குன்னா அது இதுதான். அதத் தேடிப் புடிச்சு ஹாரன் பக்கத்துல தொங்கவிட்டா?

கடைசியா, எதால கட்டிருக்குன்னு பாருங்க. நூலு இல்ல. கட்டுக்கம்பி, வேலிக்குக் கட்டுறது. குறடு வச்சு முறுக்கி முறுக்கி, மூணு ஜென்மத்துக்கு அவுராத மாதிரி. கம்பி ஒரு முனை சட்டத்துல, அது எர்த்து. மறு முனையில கார்பன் குச்சி. வண்டி குலுங்குனா குச்சி போயி ஹாரனோட திரும்புற முனையத் தொடும், ஹாரன் கத்தும். கரண்ட்டு வர்ற முனையத் தொட்டா ஃபியூஸு போவும். நான் அக்கக்காக் கழட்டித் தேடுன ஃபால்ட்டு இவ்வளவுதான். அப்ப ஏன் எனக்கு முன்ன சிக்கல? இங்க கொண்டாறதுக்கு முன்னாடி, என் கண்ணுல படக்கூடாதுன்னு, ஒவ்வொரு தடவையும் அவுத்துத் தூரப் போட்டுட்டு வந்துருக்கு அந்தக் கை. எலுமிச்சம்பழ வாசத்தோட.

வேலி கட்டுற முறுக்கு யாரு முறுக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கா? ஒங்க தோப்பச் சுத்திப் போயிப் பாருங்க, ஒவ்வொரு கல்லுலயும் இருக்கு.

ஆமா, தெரியும். அவருக்கு மொதல்லேருந்தே தெரியும். வண்டி வாங்குன வருசத்துலேருந்து, அவரு வாயாலயே சொன்னாரு.

ஃபியூஸ வாங்கிட்டு வந்தாரு. இது என் மேஜை மேல கெடக்கு. பாத்தாரு. நானும் பாத்தேன். ரெண்டு பேருமே தொண்டையச் செருமிக்கிட்டோம். அப்புறம் அவரா ஒரு அதட்டு அதட்டுனாரு. என்னடா பாக்குற? அவ ஊருக்குப் போயிட்டா. கோழிக்குத் தீனி வச்சேன், பூச்செடிக்குத் தண்ணி ஊத்துனேன், அமாவாசைக்கு இதையும் கட்டுனேன். எனக்கு நம்பிக்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவ வேலை. அவ திரும்பி வர்றவரைக்கும் விட்டுப்போவக் கூடாதுல்ல. அப்படின்னாரு. சொல்லிட்டு, அவளுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா கெலிச்சுட்டோம்னு நெனச்சுக்குவான்னு, ஃபியூஸுக்குக் காசு கூட வாங்கிக்காமப் போயிட்டாரு.

தண்ணி குடிங்க. எளநி காலியாயிருச்சு.

வண்டியா? அன்னைக்கே ரெடி. அண்ணன்தான் எடுத்துட்டுப் போவல. வாசல்ல நிறுத்துனா, ஊர்ப் பேச்சக் கேட்டு அவ வந்து வித்துருவாடா, ஒன் கடைலயே கெடக்கட்டும்னாரு. அறுபதுக்குக் கண்டமெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா, அத நான் சொல்ல முடியாது. வயரிங்குல கண்டம் இல்ல, அத மட்டும் எழுதிக் குடுக்குறேன். திருக்கடையூருக்கா? அத என்கிட்டக் கேக்காதீங்க, அது எலக்ட்ரிக்கல் இல்ல. ஆனா வண்டி நல்லா போவும். அவரு கோயிலுக்குள்ள வரலைன்னாலும் வாசல் வரைக்கும் ஓட்டிட்டு வருவாரு, கேட்டுப் பாருங்க. கேக்கணும்னா பேசணும்.

அந்தா, டெம்போ. துரைராசேதான். வாங்கண்ணே, வாங்க! வண்டியா? என்னையக் கேட்டா? வண்டி அக்கா பேருல, அக்காவத்தான் கேக்கணும்.

அக்கா, எங்க போறீங்க, அவரு கேக்குறாரு பாருங்க. தலையாட்டுனாப் போதுமா? துரைராசண்ணே, இல்லைங்கிறாங்க. மன்னிச்சுக்கங்க, டீ சாப்புட்டுப் போங்க.

சாவியா, இந்தாங்க. நீங்களே ஓட்டப் போறீங்களா! அட, எப்பக்கா கத்துக்கிட்டீங்க? அவரு கத்துக்குடுத்தாரா. சரி சரி. இருங்க, இந்த நூல்கண்டையும் எடுத்துட்டுப் போங்க, வீட்ல அவரு கட்டுக்கம்பி வச்சிருக்குற எடத்துலயே வச்சிருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். அடுத்த மாசம் நீங்க கட்டுறீங்களோ, அவரு கட்டுறாரோ, மிளகாய மட்டும் அவரு வாங்க வேணாம். வாங்கிட்டாருன்னா பஜ்ஜி போட்ருங்க.